மூன்று அரக்கோடுகள்

ஆரின் லாண்டிஸ் தன்னுடைய அரை டாலரைக் கழுவிவிட்டாராம். டெல்மர் ஹூபரின் காதில் இதைப் போட்டவன் ஹாரிஸ்பர்க் நாணயச் சந்தையில் மேசை போட்டிருந்த ஒரு வியாபாரி. அவனுக்குச் சொன்னது பால்டிமோரில் யாரோ. அந்த யாரோவுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்கினான்.

"நான் கண்ணால பார்க்கலங்க டெல். காதுல விழுந்ததைச் சொல்றேன். வெள்ளிப் பாத்திரம் வெளுக்கிற திராவகம் இருக்கே, அதுல முக்கி எடுத்துட்டாராம். இப்ப புதுப் பல்செட்டு மாதிரி மின்னுதாம்."

"ஆரினா? போய்யா. சோளம் அறுக்கிற மெஷினுக்குள்ள கையைக் குடுத்தாலும் குடுப்பான், அந்தக் காசைத் தண்ணியில காட்ட மாட்டான். இந்த மாதிரி கதை அளந்தா உன் மேசைப் பக்கமே வரமாட்டேன், ஆமா."

அன்று எதையும் வாங்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு சொந்த ஊரான லிட்டிட்ஸுக்குத் திரும்பினார் டெல்மர். வழி நெடுக அந்த வியாபாரியைத் திட்டிக்கொண்டே வந்தார்.

காசு சேர்க்காதவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். கறுத்துப்போன காசைக் கழுவினால் என்ன குடி முழுகிவிடும்? ஆனால் அது ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றைந்தில் பிலடெல்பியாவில் அடித்த வெள்ளி. இருநூறு வருடத்துக்கு மேலாக யார் யாருடைய இழுப்பறையிலோ கிடந்து கிடந்து அதன் மேல் ஒரு தோல் வளர்ந்திருந்தது. ஓரத்தில் நீலம், நடுவில் புகையிலை நிறம். அந்தத் தோலை ஐந்து வினாடியில் உரித்துவிடலாம். திரும்ப வளர இன்னொரு இருநூறு வருடம் வேண்டும். கழுவிய காசுக்குக் காசு சேர்ப்பவர்கள் மதிப்பெண்கூடப் போடுவதில்லை. 'கழுவினது' என்று ஒரு சொல்லை எழுதி ஒதுக்கிவிடுவார்கள், செத்தவர் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவதைப் போல.

டெல்மர் முப்பத்தோரு வருடம் பண்ணை வீடுகளுக்குத் தபால் கொண்டுபோனவர். ஆரினுக்கு மாட்டுத் தீவன ஆலையில் வேலை. ஒரே ஜோடி அச்சில் அடிபட்ட அரை டாலர்களில் ஒன்று இவரிடம், இன்னொன்று அவரிடம் இருந்தது. அப்படித்தான் சிநேகிதம் ஆனார்கள். அந்த அச்சுக் காசுகளில் எது எத்தனையாவது என்று காசு சேர்ப்பவர்களின் சங்கம் வருடாவருடம் ஒரு பட்டியல் போடும். ஆரினுடையது மூன்றாவது, டெல்மருடையது நான்காவது. அந்த ஒரு படிக்காக இருபத்தாறு வருடச் சண்டை. காசின் ஒரு பக்கம் ஒரு பெண்ணின் தலை, மறுபக்கம் கழுகு.

"உன் அம்மணிக்கு நெத்திக்கு மேல முடியே இல்லடா ஆரின். பாதி வழுக்கை."

"உன் கழுகைப் பாரு முதல்ல. மார்புல ஒரு இறகு கிடையாது, உரிச்ச கோழியா நிக்குது. சூப்புல போட்டுரு."

ஆரின் காசுக்கு ஓர் அங்க அடையாளம் உண்டு. அந்தக் காலத்தில் எடை கூடிப்போன வெள்ளி வில்லையை அச்சில் வைப்பதற்கு முன்னால் அரத்தால் ராவி எடையைக் குறைப்பார்கள். அரத்தின் தடம் சில காசுகளில் அப்படியே நின்றுவிடும். ஆரின் காசில், கூந்தலை விரித்துப் போட்ட அந்தப் பெண்ணின் நெற்றிக்கு மேலே மூன்று கோடுகள். நடுக்கோடு மட்டும் கொஞ்சம் குட்டை.

ஒன்பது வருடத்துக்கு முன் டெல்மரின் மனைவி வெல்டா இறந்தபோது ஊரே பலகாரமும் கேக்கும் ஆறுதலுமாக வந்தது. ஆரின் மட்டும் ஒன்றும் கொண்டுவரவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்து, காசை டெல்மரின் உள்ளங்கையில் வைத்தார். "வச்சிரு. பேசத் தோணுறப்ப பேசு." அன்று மத்தியானம் முழுக்க டெல்மர் அந்த மூன்று கோடுகளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். காசின் முகத்தில் விரல் படவே கூடாது என்பது அவர்கள் கூட்டத்தில் முதல் விதி. ஆரின் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு ஆரின் போன் செய்வார். சர்ச்சுக்குப் போய்வந்து, சாப்பிட்டு, இவர் சமையலறையில் நிற்க அவர் தன் சமையலறையில் நிற்க, அரை மணி நேரம். சந்தைக்கு அடுத்த ஞாயிறும் மணி அடித்தது. கேட்டுவிடலாம் என்று டெல்மருக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் நம்பிவிட்டதாக ஆகிவிடும். அது ஆரினை அவமானப்படுத்துவது போல.

"டெல், சனிக்கிழமை மேசைக்கு நம்ம அச்சுதான் வருதாம். அதுக்கு முன்னால உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். காசைப் பத்தி..."

"எதுவா இருந்தாலும் மேசையில பார்த்துக்கலாம்டா. இப்பவே மார்க்கை ஏத்திவிடப் பார்க்கிறியா?"

"சரி. நீ பார்த்தாப் போதும்," என்றார் ஆரின்.

கேட்காமல் தப்பித்த நிம்மதியில் டெல்மர் வானிலையைப் பற்றிப் பேசினார். ஆனால் ஆரின் குரலில் ஏதோ ஒரு சோர்வு இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் அவர் இரண்டு சந்தைகளுக்கு வரவில்லை. வண்டி ஓட்டப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தார். போனை வைத்த பிறகு டெல்மர் ஒரு முடிவு செய்தார். இந்தத் தடவை மேசையில் ஆரின் காசையே முதலில் வைத்து எழுதிவிடுவது. இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவையாவது விட்டுக்கொடுத்தால் என்ன?

மேசை என்பது சங்கத்தின் வசந்தகால வழக்கம். ஊர்த் தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடக்கும். உறுப்பினர்கள் தங்கள் காசை மூடிய உறையில் கொடுத்துவிட வேண்டும். செயலாளர் மைரா எபர்லி உறைகளைப் பிரித்து, கறுப்புத் துணியில் எண் போட்டு வரிசையாக வைப்பாள். எது யாருடையது என்று அவளுக்குக்கூட நினைவிருக்காது. பெயர்ச்சீட்டுத் துணிக்கு அடியில் இருக்கும். ஒவ்வொருவரும் லென்ஸோடு வந்து பார்த்து, முதலாவது எது, கடைசி எது என்று துண்டுத்தாளில் எழுதுவார்கள். பிறகு மூத்தவர் எழுந்து ஒவ்வொரு காசையும் பற்றி மனசில் பட்டதைச் சொல்லுவார். நான்கு வருடமாக அந்த மூத்தவர் டெல்மர்தான். அவர் வாய்க்காகவே பக்கத்து மாநிலங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

அன்று துணியில் ஐந்து காசுகள். ஒன்று அவருடையது, பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. இரண்டாவதன் ஓரத்தில் நீலம், நடுவில் புகையிலை நிறம். வந்துட்டியா, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். மூன்று கோடுகள் கருமைக்கு அடியில் மங்கலாக இருப்பதுபோலத் தோன்றியது. லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோனாரா, இல்லையா? பிறகு எவ்வளவு யோசித்தும் அது ஞாபகம் வரவில்லை. இரண்டை முதலில் எழுதினார். எழுதும்போது நெஞ்சு கொஞ்சம் நிறைந்தது. தன்னுடையதை அடுத்ததாக எழுதினார். நான்காவது காசு விளக்கொளியில் வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தியது. அதை அவர் கையில் எடுக்கக்கூட இல்லை.

எல்லோரும் சோளம் போட்ட கோழி சூப்புக் கிண்ணங்களோடு உட்கார்ந்தார்கள். டெல்மர் எழுந்தார். இரண்டாவதைப் புகழ்ந்தார், இந்த அச்சில் இதுக்கு மேல ஒண்ணு இருந்தா என் கண்ணுல காட்டுங்க, என்றார். ஆரின் பின்வரிசையில் மகள் ஜோலீன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துக் கண்ணடித்தார் டெல்மர். ஆரின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நாலைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே டெல்?" என்று யாரோ தூண்டிவிட்டார்கள்.

"நாலா? அது காசாய்யா? நான் கூடத்துக் கழிப்பறைப் பீங்கான் ஒரு துண்டு பேந்து விழுந்துடுச்சுன்னு நினைச்சேன்." சிரிப்பு. "பொணத்துக்குப் பவுடர் அடிச்சுப் பொட்டியில படுக்க வச்ச மாதிரி இருக்கு. எவன் செஞ்ச வேலையோ. அவனுக்குக் கண்ணுன்னு ஒண்ணு இருந்திருந்தா இதைச் செஞ்சிருக்க மாட்டான்."

கூடம் அதிர்ந்தது. ஒருவருக்குப் புரை ஏறியது. ஆரின் சிரிக்கவில்லை என்பதை டெல்மர் கவனித்தார். பின்வரிசையில் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மைரா துணிக்கு அடியிலிருந்து சீட்டை எடுத்தாள். "ஒண்ணு, டெல்மர். ரெண்டு, ஓஹியோலேர்ந்து வந்திருக்கிற நம்ம புது உறுப்பினர், வாழ்த்துகள். மூணு, என்னோடது, சிரிக்காதீங்க. நாலு..." அவள் சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள்.

"நாலு, ஆரின்."

ஆரின் எழுந்தார். நாற்காலிகளின் முதுகை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு மேசைக்கு வந்தார். கறுப்புத் துணியில் உள்ளங்கையைப் பதித்து நகர்த்தி நகர்த்தித் தன் காசைத் தேடிப் பிடித்தார். உறைகூட இல்லாமல், வெறும் விரலால் முகத்தைப் பற்றி எடுத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சரியாத்தான் சொன்ன டெல். கழுவினதுதான்."

குரலில் கோபம் இருந்திருந்தால் தேவலை. ஜோலீன் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டிகள் நிற்கும் இடத்துக்கு டெல்மர் ஓட்டமும் நடையுமாகப் போனபோது ஆரின் முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டிருந்தார். ஜோலீன் வண்டிக்குப் பின்னால் அவரை மறித்தாள்.

"வேண்டாம் அங்கிள். இப்ப வேண்டாம்."

"ஏம்மா, அவனுக்கு என்ன ஆச்சு?"

"கண்ணு போச்சு அங்கிள். நவம்பர்லேர்ந்து. ஓரத்துல இருக்கிறது கொஞ்சம் தெரியும், நேராப் பார்த்தா நடுவுல இருட்டு. ராத்திரி பகல்னு இல்லாம விளக்குக்கு அடியில அந்தக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கறுப்பா ஒரு வட்டம்தான் தெரியுது, அவ எங்க போனா, அவ எங்க போனான்னு கேப்பார். பளிச்சுன்னு இருந்தா மூக்கும் தாடையுமாவது தெரியாதான்னுதான்... நான் உள்ள வந்தப்ப குழாயடியில நின்னு அழுதுக்கிட்டிருந்தார்."

"தெரிஞ்சுதா?"

"ஒரு வாரம் தெரிஞ்சுது."

டெல்மர் வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். "இதை ஏம்மா மேசைக்குக் கொண்டுவந்தான்?"

"தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே. எல்லாரும் கழுவினதுன்னு ஒதுக்கிடுவாங்க, எனக்குத் தெரியும்னார். டெல் ஒருத்தன் மட்டும் கையில எடுத்துப் பார்ப்பான், அந்த மூணு கோட்டைப் பார்த்த உடனே, அடப்பாவி இது ஆரினோடதாச்சே, அவனுக்கு என்ன ஆச்சுன்னு கேப்பான்னார். என் வாயால சொல்ல வரல, அவன் கேக்கட்டும், சொல்றேன்னார்."

ஜன்னலுக்குள் ஆரின் முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. பார்க்கப் பிடிக்காமல் திருப்பிக்கொண்டாரா, அல்லது ஓரக்கண்ணால் தன்னைப் பார்ப்பதற்காகவே அப்படித் திரும்பியிருக்கிறாரா என்று டெல்மரால் சொல்ல முடியவில்லை. வண்டி கிளம்பிப் போயிற்று.

மறுநாள் டெல்மர் சர்ச்சுக்குப் போகவில்லை. அலமாரியிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கினார். தான் பார்த்த ஒவ்வொரு நல்ல காசுக்கும் ஓர் அட்டை எழுதி வைப்பது அவர் வழக்கம். ஆரின் காசின் அட்டையில் இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய தன் கையெழுத்து: 'நெற்றிக்கு மேல் மூன்று அரக்கோடுகள், நடுக்கோடு குட்டை. நிறம் மாறினாலும் இவை மாறா. எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடலாம்.' அதைப் படித்துவிட்டு அட்டையைக் கவிழ்த்து வைத்தார். திரும்ப எடுத்தார்.

இரண்டு மணி ஆயிற்று. போன் அடிக்கவில்லை. இரண்டேகால் ஆயிற்று. இத்தனை வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை அவராக ஆரினைக் கூப்பிட்டதே இல்லை. எண்ணைக்கூட வெல்டாவின் பழைய நோட்டில் தேடியெடுத்துத்தான் அழுத்த வேண்டியிருந்தது.

மணி அடித்தது. ஆரின் வீட்டுப் போன் சமையலறைச் சுவரில், கதவுக்குப் பக்கத்தில். நாற்காலியிலிருந்து எழுந்து தடவிக்கொண்டு வர நேரம் ஆகும். ஆறு முறை அடிக்கட்டும், பத்து முறை அடிக்கட்டும். மன்னிச்சுருடா என்று ஆரம்பிப்பதா? அது அவனுக்கு வேண்டாம். எடுத்தவுடன் சொல்ல வேண்டியது வேறு. நடுவுல இருக்கிறது குட்டைடா ஆரின், உன் கண்ணுக்கு என்ன ஆச்சு சொல்லு. அதை வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

கட்டைவிரல் அட்டையின் மேல், எழுத்தின் மேல், மேலும் கீழுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. பதினான்காவது மணி அடித்தது. பதினைந்து.