வேங்கைப் பெட்டி

துறைமுகத்தில் இறங்கும் மரத்தடிகளைப் பார்த்து இன்ன மரம் என்று சொல்வதுதான் முப்பது வருடம் என் வேலை. காகிதத்தில் தேக்கு என்றிருக்கும். பட்டையைப் பெயர்த்துப் பார்த்தால் வேறொன்றாக இருக்கும். பட்டை நார்நாராக உரிகிறதா, செதிலாக உதிர்கிறதா, கத்தி வைத்த இடத்தில் என்ன வாசம் வருகிறது, இவ்வளவு போதும் எனக்கு. மனிதர்களிடம்தான் இந்த வித்தை பலிக்கவில்லை. மூன்று மாதம் என் மனைவி வலியை மறைத்து நடமாடியதை நான் கண்டுபிடிக்கவே இல்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்லறைத் தோட்டத்தில் இருவருக்கும் சேர்த்து ஒரே குழிக்கு இடம் வாங்கியிருந்தோம். துறைமுகமே கதியென்று கிடக்கிற மனுசன் அங்கேயாவது கூட இருக்கட்டும் என்பாள். அவள் இறந்த அன்று, சவப்பெட்டி செய்கிறவர் மாம்பலகையை எடுத்துப் போட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாலு மழை தாங்காத கட்டையிலா அவளை வைப்பது? அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பேசவே விடவில்லை. மர அறுவை மில்லுக்குப் போய், ஓரத்தில் பட்டை ஒட்டியிருந்த வேங்கைப் பலகைகளை நானே பொறுக்கினேன். பட்டையோரம் பிசின் ரத்தமாக உறைந்திருந்தது. ஈரமும் கரையானும் லேசில் நெருங்காத மரம். பெட்டியைத் தூக்க ஆறு பேர் போதாமல் எட்டுப் பேர் ஆனார்கள். அன்றைக்கு எனக்கிருந்த ஒரே ஆறுதல் அந்தக் கனம்தான்.

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போனபோது, என் முறை வந்தால் இதே இடம்தான் என்று குழி வெட்டுகிறவரிடம் சொல்லி வைத்தேன். பெட்டி என்ன மரம் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"பெட்டி மக்குனாத்தான் அண்ணாச்சி, எலும்ப ஒதுக்கிட்டு அடுத்த பெட்டிய எறக்க முடியும். அதுக்குத்தான் எல்லாரும் மாமரம் போடுதாவ. வேங்கை இருவது வருசமானாலும் அப்படியே கெடக்கும். அதுக்கு முன்னால நீங்க போனா வேற எடத்துலதான் வைக்கணும்."

எனக்கு எழுபத்தொன்று. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள், நான் குழியையே கெடுத்துவிட்டேன். வீட்டில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறேன். இதைச் சொல்லி அழக்கூட ஆளில்லை.

சனிக்கிழமை தோறும் அவளிடம் போகிறேன். போன வாரம் பக்கத்துக் கல்லறையின் மரச்சிலுவையில் கரையான் ஏறியிருந்தது. குழி வெட்டுகிறவர் மருந்தோடு வந்தார். அடிக்க வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மெல்ல மெல்ல அது அவள் பக்கம் வரட்டும்.