பள்ளி விடும் நேரத்தில் கிட்டுசாமி

பள்ளி விடுவதற்குச் சற்று முன்னால் காரை எதிர்ப்பக்கம் ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொள்வான் கிட்டுசாமி. அப்புறம் வீட்டைப் பற்றி வாய் திறக்க மாட்டான். வீடு விற்கிறவன் பேசாமல் இருப்பது அந்த ஒரு நேரத்தில்தான்.

அவனுக்கு மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. மிச்ச நேரத்தில் நியூ ஜெர்சிக்கு வந்து சேரும் நம்மவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கிறான். மற்ற ஏஜென்ட்டுகள் சனி ஞாயிறில் வீடு காட்டுவார்கள். இவன் வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு மதியம் வரச்சொல்வான். சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாதே. எந்தத் தெருவில் எந்த நிறத்தவர் இருக்கிறார்கள் என்று வீடு விற்கிறவன் சொன்னால் இந்த நாட்டில் குற்றம். அதனால் இவன் சொல்வதில்லை. கூட்டிக்கொண்டுபோய் நிறுத்திக் காட்டுவான்.

"நானொண்ணும் சொல்லலீங்க. நீங்களே பாத்துக்குங்க."

தாராபுரத்துக்காரன். நல்ல கறுப்பு; நானே பக்கத்தில் நின்றால் சிவப்பாகத் தெரிவேன். வெயில் காலத்திலும் கோட்டு, இடுப்பில் பேஜர். கார் சீட்டுக்குக் கடைக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறையை இன்னும் கிழிக்கவில்லை. உட்கார்ந்து எழுந்தால் உறையும் புடவையோடு ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது. வாயில் எந்நேரமும் புதினா மிட்டாய். மதியம் சாப்பிட்ட குழம்பு வெள்ளைக்காரன் மூக்குக்கு எட்டிவிடக் கூடாதாம்.

பேரனைப் பள்ளியில் போடவேண்டும் என்று என் மகன் மதன் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டை விட்டு வீடு வாங்கக் கிளம்பினான். முழங்கால் மடங்காத நான் முன்சீட்டில். மதனும் மருமகள் சாரதாவும் பின்னால். முதலில் ஒரு கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துக்கு எதிரே நிறுத்தினான் கிட்டுசாமி.

மணி அடித்ததும் பிள்ளைகள் மூட்டை அவிழ்ந்த மாதிரி கொட்டினார்கள். கறுப்புப் பிள்ளைகள் பாதி. ஸ்பானிஷ் பேசுகிறவர்கள், சீனப் பிள்ளைகள், நாலைந்து வெள்ளைக்காரப் பிள்ளைகள், எண்ணெய் வைத்துப் பின்னிய நம் பெண் ஒருத்தி. ஒரே சிப்ஸ் பாக்கெட்டுக்குள் ஐந்து கை. மஞ்சள் சட்டை போட்ட ஒருத்தி கார்களை மறித்து, ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லி அதட்டி ரோட்டைத் தாண்ட வைத்தாள்.

"மிக்ஸ்டு கிரவுடுங்க," என்றான் கிட்டுசாமி, சட்டத்துக்குக் கேட்காத குரலில்.

"உன் நெறத்துக்கு நீ எறங்கி அங்க போயி நின்னீன்னா உன்னைத் தேடித்தான் புடிக்கோணும். அந்தப் புள்ளைகளுக்கு என்ன கொறைச்சல்?"

"அம்மா நல்லா ஜோக்கடிக்கறாங்க."

மதன் சிரிக்கவில்லை. அவன் எண்ணிக்கொண்டிருந்தான். "நம்ம பசங்க ரொம்பக் கம்மியா இருக்காங்களே," என்றான். நான் பெற்றவன் என்பதற்காக விட முடியுமா? ஊர் டீக்கடையில் யாருக்கு எந்த டம்ளர் என்று பார்த்துப் பழகிய கண் இரண்டு பேருக்கும். கடல் தாண்டி வந்தும் அதே வேலையைத்தான் செய்கிறது.

அடுத்து, அரைமணி நேரம் தாமதமாக விடுகிற, பணம் கட்டிப் படிக்கிற பள்ளி. தூண், புல்தரை, கொடிக்கம்பம். நிறுத்தியதும் கிட்டுசாமி ஒரு விளம்பரப் புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தான். அட்டையில் அவன் மகள் பிரீத்தி, வெள்ளைக்காரப் பிள்ளைகள் நடுவில் சிரித்துக்கொண்டு.

"வருசா வருசம் இவதானுங்க அட்டையில. இத்தனை புள்ளைங்க இருக்கறப்ப இவளைத்தான் எடுக்கறாங்க."

பிள்ளைகள் வெளியே வந்தார்கள். வெளுத்த வேட்டியை வரிசையாகக் காயப்போட்ட மாதிரி இருந்தது. அட்டைக்கு வேறு யாரை எடுப்பார்கள்?

"நம்மவங்க எத்தனை பேரு இங்க?"

"இவ ஒருத்திதானுங்க," என்றான், பரிசு வாங்கினவன் மாதிரி.

"அங்க கம்மியா இருந்தா குத்தம். இங்க ஒண்ணே ஒண்ணுன்னா பெருமையா?"

அதற்கு அவன் கோபப்படவில்லை. லீவு நாளெல்லாம் ஊர் ஊராய்க் கார் ஓட்டுவது இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டத்தான் என்றான். "அவங்கள்ல ஒருத்தியா அவ ஆயிரோணுமுங்க. எனக்கு அது போதும்."

"நீ உள்ளாற போயி வாத்தியாருகளைப் பாப்பியா?"

"எம் பொண்டாட்டிதானுங்க போவா, அதும் எப்பவாச்சும். நீ வர வேண்டாம்ப்பா, உனக்கு போரடிக்கும்னு பிரீத்தியே சொல்லிட்டா. அவ்வளவு அக்கறை."

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

எங்களுக்கு முன்னால் நின்ற காரை நோக்கி ஒரு வெள்ளைக்காரி, தன் மகளோடும் இன்னொரு பெண்ணோடும் ரோட்டைத் தாண்டி வந்தாள். அந்த இன்னொரு பெண் அட்டையில் இருந்தவள்.

"அது பிரீத்திதானே?" என்று சாரதா கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டுவிட்டாள். "கூப்பிடாதீங்க," என்று கிட்டுசாமி சொன்னது அதற்குப் பிறகுதான்.

அந்தப் பெண் திரும்பினாள். காரைப் பார்த்தாள், அப்பனைப் பார்த்தாள், வெறும் நெற்றியும் நூல்புடவையுமாக முன்சீட்டில் இருந்த என்னைப் பார்த்தாள். வெள்ளைக்காரி அவளிடம் ஏதோ கேட்டாள். இவள் சுருக்கமாக ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றா?" என்றேன்.

மதன்தான் மெதுவாகச் சொன்னான்: "இவங்கள்லாம் யாருன்னு கேட்டாங்கம்மா. எங்களுக்கு வீடு பாத்துக் குடுத்த ஏஜென்ட்டுன்னு சொல்றா."

வெள்ளைக்காரி நல்லவள். ஜன்னல் பக்கம் குனிந்து கிட்டுசாமிக்கு ஹலோ சொன்னாள். அவன் மகளைப் பார்த்தான். அவள் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிட்டுசாமி சாய்ந்திருந்த சீட்டை நிமிர்த்தினான். கோட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து, எங்கள் எல்லோரிடமும் சிரிக்கிற அதே சிரிப்போடு, இரண்டு கையாலும் வெள்ளைக்காரியிடம் நீட்டினான்.