மானிட்டர் ஓரத்துச் சிவப்பு அம்பு

என் மானிட்டரின் ஓரத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் இருக்கிறது. பனியன் துணியைச் சோதிக்கிறவர்கள் ஓட்டை கண்ட இடத்தில் ஒட்டுவது. மானிட்டர் இரண்டு முறை மாறிவிட்டது. ஸ்டிக்கரை உரித்து, டேப் போட்டுப் புதியதில் ஒட்டிக்கொண்டேன். இப்போது வெளுத்துப்போய் ரோஸ் கலராகத் தெரிகிறது.

அதை ஒட்டியவர் எங்கள் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதிய அம்மணி. கோயம்புத்தூரிலிருந்து வருவார். நான் எட்டாவது வரை படித்தவன். துணி சோதிக்கும் மேஜையிலிருந்து, கட்டிங் அளவு எடுக்கும் கம்ப்யூட்டருக்கு வந்தவன். கறுப்புத் திரையில் துணிக்கட்டின் லாட் நம்பரைத் தட்டி என்டர் அழுத்துவேன். மஞ்சள் எழுத்தில் இங்கிலீஷில் பத்திருபது வரி ஓடும். தினமும் ஓடும். எதுவும் ஆகாது. அளவு வந்துவிடும். மஞ்சளைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

பனியன் துணி துவைத்தால் சுருங்கும். அதற்குச் சேர்த்துத்தான் வெட்ட வேண்டும். ஒருமுறை ஒரு லாட்டுக்கு அந்தச் சுருக்க அளவை யாரும் கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. அளவு இல்லை என்று ஒரு மஞ்சள் வரி சொல்லியிருக்கிறது. சொல்லிவிட்டு, சுருக்கமே கிடையாது என்று வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் வெட்டும் அளவும் போட்டுவிட்டது. தைத்துத் துவைத்தபோது டீ சர்ட் அத்தனையும் தொப்புளுக்கு மேல் நின்றது.

“கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு? நாளைக்கு வர வேண்டாம்” என்றார் முதலாளி. அந்த வாரம்தான் மகளைப் பாலிடெக்னிக்கில் சேர்த்திருந்தேன்.

தகவல் போய், அன்றைக்கே அம்மணி வந்தார். அதே லாட்டை மறுபடி ஓட்டச் சொன்னார்.

“இதுல எந்த வரிங்கண்ணா முக்கியம்?”

“தெரியலீங்க அம்மணி. எல்லாம் ஒரே மஞ்சளா இருக்குது.”

துணி சோதிக்கும் மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “துணியில ஓட்டைன்னா நீங்க எப்படிச் சொல்லுவீங்க?”

“ஓட்டை மேலயே அம்பு ஒட்டீருவமுங்க. பெருசுன்னா மிஷினயே நிறுத்தீருவோம்.”

“நல்ல துணியில?”

“நல்ல துணியில எதுக்குங்க ஒட்டறது?”

அவர் சிரித்துவிட்டார். “நான் நல்ல துணி பூராவும் ஒட்டி வெச்சிருக்கறனுங்கண்ணா.”

நேரே முதலாளியிடம் போனார். “தப்பு அவருது இல்லீங்க சார். மெசேஜ் எழுதுனது நானு. எங்க ஆபீஸ்ல புரோகிராம் எழுதறவங்களுக்கே இது புரியாதுங்க.” “செரி, நாளைக்கு வரச் சொல்லுங்க” என்றார் முதலாளி. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அம்மணிக்கு அவர் ஆபீசில் என்ன பேச்சு விழுந்ததோ, என்னிடம் சொன்னதில்லை.

இரண்டு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லா வரியையும் மாற்றினார். ஆகாத மஞ்சளை எல்லாம் எடுத்தார். நிற்க வேண்டிய இடத்தில் புரோகிராமை நிற்க வைத்தார். தமிழில் எழுதி என்னைப் படிக்கச் சொல்வார். நான் எங்கேயாவது தயங்கினால், என்னை ஒன்றும் கேட்க மாட்டார். அந்த வரியை அழித்துவிட்டு வேறு எழுதுவார். கிளம்பும்போது மேஜையில் கிடந்த அம்பு ஒன்றை எடுத்து, செய்தி வரும் இடத்துக்கு நேராக ஒட்டினார். நன்றி என்று நான் வாய் திறந்து சொல்லவில்லை. இன்னொரு கப் டீ வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.

அவர் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறார். நேற்று அம்புக்கு நேராக ஒரு சிவப்பு வரி வந்தது. ‘இந்த லாட்டுக்குச் சுருக்க அளவு இல்லை. வெட்டும் அளவு போடவில்லை. வாஷிங்கில் கேட்டு ஏற்றிவிட்டு மறுபடி ஓட்டவும்.’ துணி துவைத்துப் பார்க்கும் வாஷிங் செக்ஷனுக்குப் போன் போட்டேன். ஏற்றினேன். ஓடியது. முதலாளி ரூமிலிருந்து யாரும் என்னைக் கூப்பிடவில்லை.