முள்முடியில் வெட்டாமல் விட்ட முள்

பெரிய வெள்ளியன்று மாலை நாலு பத்துக்கு என் தம்பி என் மகனின் தலையில் முள்முடியை வைத்துப் பிரம்பால் அழுத்தினான். இயேசு வேடம் போட்டிருந்த என் மகன், "ஐயோ மாமா!" என்று அலறினான். அங்கிக்குள் மைக் இருந்ததால் கோயில் மைதானம் முழுக்கக் கேட்டது. ரோமைப் படைவீரனை இயேசு மாமா என்று கூப்பிட்டதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசைப் பெண்கள் இன்னும் சத்தமாக அழுதார்கள்.

வருடாவருடம் பாஸ்கா நாடகத்துக்குச் சணல் முடிதான். அது தண்ணீர்க்குடம் வைக்கும் சும்மாடு மாதிரி இருக்கிறது என்று என் தம்பிக்குக் குறை. இந்த முறை ஏரிக்கரையில் சீமைக்கருவேல முள்ளை வெட்டி அவனே பின்னினான். உள்பக்க முள்ளையெல்லாம் நகவெட்டியால் நறுக்கியும் இருந்தான், ஒன்றைத் தவிர.

டெட்டனஸ் வராமலிருக்க அன்றே டி.டி. ஊசி போட்டோம். நெற்றியில், முடி தொடங்கும் இடத்தில், கடுகளவு புள்ளி. சீக்கிரமே மூடிக்கொண்டது. நான் பள்ளியில் அறிவியல் பாடம் எடுப்பவள். மூடிய காயத்தை நம்ப மாட்டேன். தாடை இறுகுகிறதா என்று பார்க்கத் தினமும் காலையில் வாயைத் திறக்கச் சொன்னேன். டூவீலர் கடைக்கு வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், மீசை வைத்த என் பிள்ளை வாசலில் நின்று 'ஆ' காட்டிவிட்டுப் போவான்.

தாடைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த மாதம் அந்தப் புள்ளி புளியங்கொட்டை அளவுக்கு வீங்கி, உடைந்து, ஆறி, திரும்பவும் வீங்கி உடைந்தது. ஹெல்மெட் போட முடியவில்லை. மாத்திரை சாப்பிட்டால் அடங்கும், நிறுத்தினால் கிளம்பும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. சீழ் எலும்புக்குள் இறங்கிவிடுமோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அது உடைந்தது இரண்டு முறையும் வெள்ளிக்கிழமை. போதாதா? அது ஆண்டவரின் காயம் என்று ஊரே முடிவு செய்துவிட்டது. சளி பிடித்த குழந்தையோடு ஒருத்தி வந்தாள். அரியர் எழுதப் போகிற ஒருவன் பேனாவை நீட்டி, "நெத்தியில தொட்டுக் குடுண்ணா" என்றான். திருநீறு பூசும் பக்கத்து வீட்டம்மா முழங்கால் வலியோடு வந்தார். "எங்க முருகங்கிட்ட சொல்லிட்டுதாங்க டீச்சர் வந்தேன். கோவிச்சுக்க மாட்டாரு."

கடைசியில் தருமபுரியில் ஒரு சர்ஜன் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். "முள்ளு எக்ஸ்ரேல தெரியாதுங்க. இங்க பாருங்க, அரிசி நீளத்துக்குப் படுத்திருக்குது. இத எடுக்காம எத்தன மாத்திர தின்னாலும் ஆறாது."

செய்தி பரவியதும் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"ஆண்டவர் குடுத்தத எடுக்கலாங்களா டீச்சர்?"

"ஆண்டவர் குடுக்கல. என் தம்பிதான் குடுத்தான்."

சிலுவையை ஊர் முழுக்கச் சுமந்தவன், ஆஸ்பத்திரியில் மரத்துப்போக ஊசி போட வேண்டும் என்றதும் எழுந்துவிட்டான். "பொறவு வரலாம்மா."

"ஒக்காருடா."

கறுப்பாக ஒரு துண்டு வந்தது. அதை என் கண்ணெதிரே குப்பையில் போடச் சொன்னேன். வெளியே, அந்த முள்ளை வாங்கிப்போக இரண்டு பெண்கள் குங்குமச் சிமிழைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

உள்ளிருந்து ஆறட்டும் என்று தையல் போடவில்லை. தினமும் கட்டு மாற்றினோம். இப்போது தழும்பு மட்டும்தான். தலை சீவினால் அந்த இடம் சுரீர் என்கிறதாம். நரம்பு சரியாக மாதக்கணக்கில் ஆகலாம், அப்படியே நின்றும் போகலாம் என்றார் டாக்டர். நான் காலையில் விரலால் அழுத்திப் பார்க்கிறேன்.

"வலிக்குதா?"

"நீ அழுத்தறதுதாம்மா வலிக்குது."

என் தம்பியை மட்டும், வூட்டுப் பக்கம் வராதே என்று முள் குத்திய அன்றே சொல்லியிருந்தேன். அவனும் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் திரும்பியபோது, டவுன் பஸ்ஸிலிருந்து அவன் இறங்கினான். தலையில் புதிதாகப் பின்னிய முள்முடி. ஜன்னல் வழியே மொத்த பஸ்ஸும் எட்டிப் பார்த்தது. கேட்டுக்கு வெளியிலேயே நின்று, முடியைக் கழற்றாமல் சொன்னான்:

"பென்னாகரத்துல இருந்து தலையிலயே வெச்சுக்கிட்டு வரேங்க்கா. வழியெல்லாம் ஸ்பீடு பிரேக்கரு. ஒரு எடத்துலயும் குத்தல."