உப்பின்மேல் எழுதிய பிரெஞ்சு

தமிழில் உடைந்த கையும் உடைந்த கதவும் ஒரே ‘உடைந்த’தான். பிரெஞ்சில் அப்படி விடமாட்டார்கள். பெயர்ச்சொல் பெண்பாலென்றால் அந்தச் சொல்லின் வாலில் ஓர் எழுத்து, பன்மையென்றால் மேலும் ஒன்று. பெரும்பாலும் காதில் வித்தியாசமே கேட்காது, எழுதிப் பார்த்தால்தான் பிடிபடும். மறுநாள் புதுச்சேரிக் கல்லூரியில் எனக்குப் பிரெஞ்சுப் பரீட்சை. மரக்காணத்து உப்புப் பாத்தியில் அம்மாவுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்த எனக்கு ஈரக் கையால் நோட்டைத் தொட முடியவில்லை. உப்புக் குவியல்மேலேயே குச்சியால் எழுதினேன்.

மேஸ்திரி மாலையில் குவியலைச் சுற்றிச் சாம்பல் கோடு போட்டிருப்பார். கோடு கலைந்திருந்தால் இரவில் யாரோ உப்பைத் திருடியதாகக் கணக்கு. நான் எழுதிய பக்கம் சரிந்து கோடு அறுந்தது. கையால் தட்டிச் சமன்செய்துவிட்டு, யாருக்குத் தெரியப்போகிறது என்று வந்துவிட்டேன்.

காலையில் மேஸ்திரி வந்தார். முந்தின நாள் கடைசியாகப் போனது அம்மா.

“எத்தினி கூடைடி தூக்கின?”

“தொடவே இல்லீங்க.”

அறைந்தார். அம்மா பாத்திக்குள் விழுந்தாள். எழுவதற்குள் இடுப்பில் ஓர் உதை. நான் கல்லூரிப் பையை மாட்டிக்கொண்டு வரப்பில் நின்றேன். பத்து நிமிடத்தில் பஸ். வாயைத் திறந்தால் பஞ்சாயத்து, பரீட்சை போய்விடும். உதடு கிழிந்து அம்மாவின் ரத்தம் உப்பில் இறங்கியது. அப்போதும் சாலையைத்தான் பார்த்தேன், சனியன் நான்.

அவர் மறுபடி காலைத் தூக்கியபோது எனக்குள் ஏதோ அறுந்தது. உப்பு வாரும் பலகையை எடுத்து அவர் முழங்காலில் முழு பலத்தோடு இறக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. சந்தோஷமாக இருந்தது.

“நாந்தான்டா கலைச்சேன்! இன்னும் வேணுமா?”

அம்மா எழுந்து வந்து என்னைத்தான் அடித்தாள், கன்னம் வீங்கும்வரை. “ரெண்டு அடியோட போயிருக்கும்டி! சோத்துல மண்ணப் போட்டுட்டியே!” முடியைப் பிடித்து இழுத்துப்போய் பஸ்ஸில் தள்ளினாள்.

பரீட்சையில் ஒரு வால்கூடத் தப்பவில்லை. அதற்குப்பின் எந்தப் பாத்தியிலும் அம்மாவைச் சேர்க்கவில்லை. இப்போது இறால் ஷெட்டில் தோல் உரிக்கிறாள்.

“எம்மேல கைய வெச்சான், எம்பொண்ணு ஒரே போடுல சாச்சுட்டா” என்று அங்கே எல்லோரிடமும் சொல்கிறாள். அவள் விழுந்துகிடந்தபோது நான் பஸ் வருகிறதா என்று பார்த்ததைக் கவனித்தாளா தெரியவில்லை. கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.