கரண்டு எடுக்கும் மாப்பிள்ளை

முனியராஜுக்குப் பெண் கிடைக்காததற்கு ஒரே காரணம், அவன் பார்க்கும் வேலை. குடிகாரனுக்குப் பெண் கொடுக்கிற ஊர் இது. முதல் தாரத்தைத் துரத்திவிட்டவனுக்கும் கொடுத்திருக்கிறது. ஆனால் மாப்பிள்ளை கூடங்குளம் அணுமின் நிலையத்தில் இருக்கிறார் என்றதும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துகொள்கிறார்கள். எழுந்தவர்கள் யார் என்கிறீர்கள்? பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்தைக் கையால் அள்ளுகிறவர்கள்! எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

நான் குருவம்மாள். எம். புதுப்பட்டியில் இருக்கிறேன், பட்டாசைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. முனியராஜ் அடுத்த வீட்டுப் பிள்ளை. அவன் அம்மா மாரிசெல்வியும் நானும் ஒரே கம்பெனி வேனில் போய்வருகிறோம். எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்தபோது லீவுக்கு அவனும் எங்களோடு வேலைக்கு வருவான். மருந்து ரூமுக்குள் நுழையுமுன் வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கிற கரண்டு மண்ணுக்கு இறங்கிவிடும். அந்தப் பழக்கம் அவனை விடவில்லை. இன்றைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வருவான்.

எங்கள் மருந்து ரூமில் லைட் கிடையாது, ஃபேன் கிடையாது. ஒரு பொறி போதும், எல்லாம் முடிந்தது. கரண்டே ஆகாத அந்த இடத்திலிருந்து போனவன் ஊருக்கெல்லாம் கரண்டு எடுக்கிறான் என்பதில் எனக்குப் பெருமைதான்.

"அங்கன என்னதாம்லே செய்றீக?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெந்நி போடுறோம் அத்தை" என்று சிரித்தான். அவன் சொன்னது இவ்வளவுதான்: யுரேனியத்தின் சூட்டில் தண்ணீர் கொதிக்கிறது, நீராவி டர்பைனைச் சுற்றுகிறது, கரண்டு வருகிறது. நாட்டில் எடுக்கிற மொத்தக் கரண்டில் அணு உலைகள் தருவது நூற்றுக்கு மூன்று பங்கு போலத்தானாம்.

"இம்புட்டுக்குத்தானா இந்தப் பாடு?"

"காத்து நின்னா காத்தாலை நின்னுரும். பொழுது அடைஞ்சா சோலார் நின்னுரும். இது பராமரிப்புக்கு நிறுத்துனா ஒழிய ராப்பகலா ஓடும் அத்தை."

"சரி, எரிஞ்ச சாம்பலை எங்கன கொட்டுவீக?"

சிரிப்பு நின்றுவிட்டது. "அதான் பெரிய கவலை. நமக்குப் பெறகும் ரொம்பக் காலத்துக்குக் காவல் காக்கணும்" என்றான். மூடி மறைக்கத் தெரியாத பிள்ளை. பெண் கேட்கப் போகிற இடத்தில் இவன் வாய்தான் இவனுக்கு எமன் என்று நினைத்துக்கொண்டேன்.

நாரணாபுரம் சங்கிலிமுத்து எங்கள் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். இடது கையில் மூன்று விரல்தான். மற்ற இரண்டும் பழைய கம்பெனியிலேயே போய்விட்டன. அவர் மகள் கற்பகம் எங்கள் கம்பெனியில்தான் பட்டாசுக் குழாயில் மருந்து செலுத்துகிறாள். நானே பேச்செடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போனோம். பஸ்ஸில் மாரிசெல்வி மகனிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "எதக் கேட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிரு ராசா. இந்த எடமும் தட்டிப்போச்சுன்னா என்னால தாங்க முடியாது."

பலகாரம் சாப்பிட்டு முடித்ததும் சங்கிலிமுத்து கேட்டார். "தம்பி, என்னென்னமோ சொல்லுதாக. பெத்த மனசு கெடந்து அடிச்சுக்குது. அங்கன ஒண்ணும் ஆகாதுல்ல?"

மாரிசெல்வி மகன் முகத்தையே பார்த்தாள். அவன் டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்.

"ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன் மாமா. ஆகிரக்கூடாதுன்னுதான் அங்கன அம்புட்டுப் பேரும் இருக்கோம். உடம்புல எம்புட்டுக் கதிர்வீச்சு பட்டிருக்குன்னு அளந்துக்கிட்டே இருப்பாக. வேலையில ஒரு சந்தேகம்னா யாரு வேணும்னாலும் சொல்லலாம், நிறுத்திப் பாப்போம்."

கெட்டது குடி என்று நினைத்தேன். "யோசிச்சுச் சொல்றோம்" என்றார் சங்கிலிமுத்து. எங்கள் பக்கம் அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தம். மாரிசெல்விக்குக் கண் கலங்கிவிட்டது.

டம்ளர்களை எடுக்க வந்த கற்பகம் போகவில்லை. அப்படியே நின்றாள்.

"அப்பா, போன வாரம் மருந்து சூடா இருக்குன்னு ஃபோர்மேன்கிட்ட சொன்னேன். ஒண்ணும் ஆகாது, ஆர்டர் கெடக்குன்னாரு. வீட்டுக்கு வந்து உங்ககிட்டயும் சொன்னேன். நீங்களும் அதத்தான் சொன்னீக."

"அது நமக்குப் பழகுன வேலை தாயி..."

"இவுககிட்ட இம்புட்டுக் கேட்டீகளே. நான் தெனமும் போற எடத்தப் பத்தி ஒருநா கேட்டிருக்கீகளா?"

சங்கிலிமுத்து தன் இடது கையை மடியில் வைத்து, வலது கையால் மூடிக்கொண்டார். அவள் கேட்டது எனக்கும் உறைத்தது. மாப்பிள்ளை வேலையைப் பற்றி ஊர் பேசுகிறது என்று கோபப்பட்டேனே, தினமும் வேனில் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற இந்தப் பிள்ளையை நான் என்றாவது கேட்டேனா?

"எனக்கு இவுகளப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு டம்ளர்களோடு உள்ளே போய்விட்டாள். நாங்கள் வெறுமனே திரும்பினோம்.

மறுநாள் காலையில் வேன் நாரணாபுரத்தில் நின்றது. அப்பனும் மகளும் ஆளுக்கொரு தூக்குச்சட்டியோடு நின்றார்கள். சங்கிலிமுத்து அவள் கையிலிருந்ததை வாங்கித் தரையில் வைத்தார்.

"இனிமே இவ வர மாட்டா" என்றார் டிரைவரிடம். பிறகு ஜன்னலோரம் இருந்த மாரிசெல்வியைப் பார்த்து, "தை மாசத்துல நாள் பாருங்க மதினி" என்றார். மாரிசெல்வி அழுதுகொண்டே தலையாட்டினாள். அவர் மட்டும் வேனில் ஏறினார்.

வேன் நகர்ந்ததும் கற்பகம் பின்னாலேயே ஓடிவந்தாள். "அப்பா, மருந்துல ஒரு சந்தேகம்னாலும் வெளிய வந்துருங்க!"

சங்கிலிமுத்து மூன்று விரல் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டினார். கம்பெனி வரும்வரை எங்கள் பக்கம் திரும்பவில்லை. இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை.