சித்தப்பா மீசை நிறம்

புது நிறத்துக்கு "சித்தப்பா மீசை" என்று பேர் தட்டிவிட்டு, வர்ணக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கு இடிக்கிற அளவுக்குத் திரையை நோக்கிக் குனிந்தாள். நரை விழுவதற்கு முந்தைய மீசை. அந்தச் செம்பழுப்பு அச்சாக வந்திருந்தது.

கார்ட்டூன் படம் செய்கிற அந்த அலுவலகத்தில் நிறங்களுக்குப் பொறுப்பு அவள்தான். மற்றவர்கள் நிறத்துக்கு எண் போடுவார்கள். இவள் உறவுமுறை வைப்பாள். "அத்தை கோபம்" சிவப்பு. "மாமா வழுக்கை" பளபளக்கிற மாநிறம். "ஓரகத்தி சிரிப்பு" வெளிறிய மஞ்சள். ஏன் வெளிறியது என்று கேட்டவர்களுக்கு அரைமணி நேரம் போச்சு. ஊர் நிறத்தையெல்லாம் ஆள்கிறவள் உடுத்துவது மட்டும் சாம்பல் நிறம்தான். பளிச்சென்று உடுத்தினால் அது திரையில் பட்டுக் கண்ணை ஏமாற்றிவிடுமாம்.

படம் முழுவதற்கும் அவளிடம் நிறப்பெட்டி ஒன்றே ஒன்றுதான். இருபத்தாறு காட்சிகளையும் அதோடு கோத்து வைத்திருப்பாள். பெட்டியில் ஒரு நிறத்தை மாற்றினால் காட்சிதோறும் அது தானே மாறிவிடும். வேலை மிச்சம்தான். ஆனால் ஒரே மாதிரி இரண்டு நிறம் கண்ணில் பட்டால் அவளுக்குப் பொறுக்காது. "ஒரே மூஞ்சிக்கு எதுக்கு ரெண்டு பேரு?" என்று ஒன்றாக்கிவிடுவாள். இப்படித்தான் நரி வாலும், கதவும், ரொட்டியும், கதாநாயகியின் தலைமுடியும் சித்தப்பா மீசைக்குப் பங்காளிகளாயின.

கடைசி நாளன்று நாலு மணிக்குப் படம் தொலைக்காட்சிக்குப் போயாக வேண்டும். தவறினால் அடுத்த படம் வேறு கைக்குப் போய்விடும். பன்னிரண்டு மணிக்கு டைரக்டர் வந்து நின்றார்.

"அக்கா, நரி வாலு டல்லா இருக்கு. கொஞ்சம் ஆரஞ்சாக்குங்க."

"இவ்வளவுதானா தம்பி? கண்ணை மூடித் திறங்க."

அவர் மூடித் திறந்தார். வால் ஜொலித்தது. கதவும் ஜொலித்தது. ரொட்டி ஆரஞ்சுப் பழம் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"ஐயோ அக்கா, பொண்ணு தலை தீப்பிடிச்சு எரியுது!"

"எல்லாரையும் ஒரே வீட்ல அடைச்சா இப்படித்தான். வாலைத் தனிக்குடித்தனம் வெச்சிடு" என்றார், பக்கத்து மேஜையில் பின்னணி வரைகிற அண்ணன்.

"நீங்க உங்க வானத்தைப் பாருங்கண்ணே. பிரிச்சு விடறது எனக்குக் கை வராது."

கை வராவிட்டாலும் கடிகாரம் விடவில்லை. சித்தப்பா மீசையைப் பழையபடி பழுப்பாக்கினாள். பக்கத்தில் புதிதாக ஓர் ஆரஞ்சு நிறம் வைத்தாள். நரி வருகிற பதினொரு காட்சிகளிலும் வாலை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து அந்த ஆரஞ்சுக்கு மாற்றினாள். சோற்று டப்பா திறக்கப்படவே இல்லை. வாய் மட்டும், "போ, போயிடு, நல்லா இரு" என்று ஒவ்வொரு வாலிடமும் முணுமுணுத்தது.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் படம் போய்ச் சேர்ந்தது. டைரக்டர் நாற்காலியில் சரிந்து, "இனிமே எதையும் எதோடயும் சேக்காதீங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டார்.

"சரி தம்பி."

எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள். அடுத்த படத்திலும் அதே நரிதான் என்பதால், அவள் அதே பெட்டியை மறுபடி திறந்தாள். மீசைக்குப் பக்கத்தில் அந்த ஆரஞ்சு பேரில்லாமல் ஒண்டியாக நின்றது. கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். பிறகு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, நரிக் குகையின் ஓரத்தில் கிடந்த பூந்தொட்டியைத் துணைக்கு அதோடு கோத்துவிட்டாள்.